முதலாளி காரின் பித்தளைப் பலகை

மில் முதலாளி தெய்வநாயகத்திடம் எட்டு சிலிண்டர் கொண்ட பழைய அமெரிக்கக் கார் ஒன்று இருந்தது. ரேடியேட்டரை மறைத்துத் தன் பட்டங்களைப் பொறித்த பித்தளைப் பலகையை மாட்டியிருந்தார். காற்றுப் புகாமல் எஞ்சின் கொதிக்கும். பலகையைக் கழற்றச் சொன்ன டிரைவர்களுக்கெல்லாம் வேலை போயிற்று.

"நாளைக்குச் சம்பந்தி வீட்டாரோட மருதமலை ஏறும்போது கொதிச்சா நீயும் வீட்டுக்குப் போயிரு," என்றார், புது டிரைவர் மாசிலாமணியிடம்.

பிள்ளைகுட்டிக்காரனான மாசிலாமணி பலகையை ஒருமுறை சுற்றிப் பார்த்தான். "சரிங்க முதலாளி. பலகை முன்னால இருந்தா எதிர்ல வர்றவன் படிக்கறதுக்குள்ள தாண்டிப் போயிறானுங்க. பின்னால வெச்சா, நம்ம பின்னாடியே வர்ற சம்பந்தி வீட்டார் மலை முழுக்கப் படிச்சுட்டே வருவாங்க."

முதலாளி மீசையை நீவினார். பலகை பின்னால் போயிற்று.

மறுநாள் வண்டி கொதிக்காமல் மலையேறியது. "என்னப்பா வைத்தியம் பண்ணினே?" என்றார் முதலாளி, மேலே போய் இறங்கியதும்.

"நான் எங்கீங்க பண்ணினேன்? உங்க பெருமை கொஞ்சம் ஒதுங்கி வழி விட்டுச்சு, காத்து உள்ள வந்துச்சுங்க."

பின்னால் வந்து இறங்கிய சம்பந்தி வாய்விட்டுச் சிரித்தார். முதலாளியும் சிரித்த பிறகுதான் மாசிலாமணிக்கு மூச்சு வந்தது.