குரல்மானைப் பிடித்தவள்

உங்களுக்கும் எனக்கும் பேர் வைப்பதற்கு ரொம்ப முன்னாடி, ஏழு மலை சேர்ந்து ஒரு நாடாக இருந்ததாம். அங்கே மனிதர்களைவிட விலங்குகள் அதிகம். வாலில் நெருப்பு எரிகிற கீரி, கல்லைத் தின்கிற ஆமை, மழை வந்தால் பாடுகிற நத்தை. அவற்றைப் பிடித்துச் சேர்ப்பதுதான் அந்த நாட்டுக்காரர்களுக்குத் தொழில், விளையாட்டு, பெருமை எல்லாம்.

பிடிக்கிற முறை இதுதான். கையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு மரச்சிமிழ் இருக்கும். தன்னிடம் இருக்கிற விலங்கை ஏவி, புது விலங்கோடு மோதவிட வேண்டும். அது களைத்துத் தலை தாழ்த்துகிற நேரம் பார்த்துச் சிமிழைத் திறந்தால், யானை அளவு இருந்தாலும் உள்ளே போய்விடும். அப்புறம் அது சொன்னதைச் செய்யும்.

எந்த விலங்கானாலும் அந்த மலைகளில் நிறைய உண்டு. குரல்மான் மட்டும் ஒன்றே ஒன்று. யாரையாவது பறிகொடுத்தவர் முன்னால் நின்றால், அது அந்தப் போனவரின் குரலில் பேசும். யாரையும் பறிகொடுக்காதவருக்கு அது சும்மா ஒரு வெள்ளை மான். புல் மேயும், போய்விடும்.

அதைத் தேடித்தான் காத்தாயி வந்தாள். ஏழு மலையிலும் விலங்கு பிடிக்கக் கற்றுத்தர ஆசான் சேந்தனைவிட்டால் ஆள் இல்லை என்று சொல்லியிருந்தார்கள். வந்து பார்த்தால், ஆசானுக்கு அவள் வயதில் பாதிகூட இருக்காது.

"சிரிக்காதீங்க ஆசானே. எனக்குப் பிடிக்கக் கத்துக்கொடுங்க."

"எதைப் பிடிக்கணும் அக்கா?"

"குரல்மானை."

ஆசான் சிரிக்கவில்லை. "யாருக்காக?"

"என் மக, மின்னு. போன மழையில காய்ச்சல் கண்டுது. போயிட்டா."

"பிடிக்க வேண்டாம். ஓடைப் பக்கம் போய் உட்காருங்க. அது வரும்போது வரும். கேட்டுட்டு வீட்டுக்குப் போங்க."

"வரும்போது வரும்னா? உலையில அரிசி போடும்போது அவளைக் கூப்பிடறேன். துணி காயப்போடும்போது கூப்பிடறேன். அப்பல்லாம் வருமா?"

"வராது."

"எனக்கு அப்பத்தான் வேணும். கூடவே வேணும்."

"வேண்டாம் அக்கா."

காத்தாயி போகவில்லை. குடிசை வாசலிலேயே அடுப்பு மூட்டிச் சமைக்க ஆரம்பித்துவிட்டாள். மழை வந்தது, முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெயில் வந்தது, அப்படியே இருந்தாள். ஆசான்தான் கடைசியில் ஒரு சிமிழை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தார்.

முதலில் ஆசானின் ஆமையை ஏவி, ஒரு தீக்கீரியைப் பிடிக்கப் பழகினாள். விழுந்தாள், சேலை பொசுங்கியது, கையில் கொப்புளம்.

"ஆசானே, இது என்னையே கடிக்குது!"

"உங்க குழம்பைத் தின்னா நானும்தான் கடிப்பேன்."

"கடிக்கிற வாய் ரெண்டாந்தரம் ஊத்தச் சொல்லிக் கேட்டுதே, அது எந்த வாய்?"

ஆசான் தட்டை வழித்துச் சாப்பிட்டு முடித்தார்.

ஒருவழியாகக் கீரி சிமிழில் அடங்கியது. வா என்றால் வந்தது, பாய் என்றால் பாய்ந்தது. ஒருநாள் காத்தாயி கேட்டாள்: "குரல்மான் உங்க குடிசைப் பக்கமே வந்து மேயுமாமே. நீங்க ஏன் இதுவரைக்கும் பிடிக்கலை?"

"எனக்கும் அது பேசும்."

"யார் குரல்ல?"

ஆசான் எழுந்து விறகு கொண்டுவரப் போய்விட்டார். அன்று விறகு நிறையவே இருந்தது.

பனி விலகாத ஒரு காலையில் ஓடைக்கு அந்தப் பக்கம் மான் வந்து நின்றது. தண்ணீரில் வாய் வைத்துவிட்டுத் தலையைத் தூக்கியது.

"அம்மா, பசிக்குது. என்ன இருக்கு?"

காத்தாயி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"கேட்டாச்சு. இதோட போயிடலாம் அக்கா" என்றார் ஆசான்.

அவள் இடுப்பிலிருந்து சிமிழை எடுத்தாள். கீரி வெளியே வந்தது. "பாய்" என்றாள். அது ஓடையைத் தாண்டி மானின் தொடையில் பாய்ந்தது.

"ஐயோ அம்மா! சுடுது!"

கீரி நின்று திரும்பிப் பார்த்தது, அடுத்து என்ன என்பதுபோல. காத்தாயி சேலை முந்தானையைக் கிழித்து, உருட்டி, இரண்டு காதிலும் வைத்து அடைத்துக்கொண்டாள். எந்தக் குரலுக்காக அவ்வளவு தூரம் வந்தாளோ, அதே குரலைக் கேட்காமலிருக்கத்தான். பிறகு கையை மட்டும் அசைத்தாள். கீரி மறுபடி பாய்ந்தது. மறுபடி. மறுபடி.

ஆசான் காதை அடைத்துக்கொள்ளவில்லை. அது யார் குரலில் அவரைக் கூப்பிட்டு அழுததோ, நமக்குத் தெரியாது. பக்கத்து மரத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார்.

மான் தலையைத் தாழ்த்தியது. சிமிழ் திறந்தது, மூடியது.

காத்தாயி காதிலிருந்த துணியை எடுத்தாள். கீரியை அதன் சிமிழுக்குள் அனுப்பிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, மானை வெளியே அழைத்தாள். அது வந்து அவள் முன்னால் நின்றது. தொடையில் கருகிய காயம்.

"பேசுடி மின்னு."

"சரிம்மா."

அதே குரல். கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி, அதே குரல். காத்தாயி சிரித்தாள், அழுதாள், அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"ஏதாவது சொல்லுடி."

"என்ன சொல்லணும்மா?"

"பசிக்குதுன்னியே, சாப்பிடறியா?"

"நீ சொன்னா சாப்பிடறேம்மா."

"தலை பின்னிவிடட்டுமா?"

"பின்னும்மா."

கழுத்தைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றது. காத்தாயி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து அதன் முகத்தைப் பார்த்தாள்.

"மின்னு, என்கிட்ட சண்டை போடு. எப்பவும் போடுவியே, அந்த மாதிரி."

"சரிம்மா" என்றது மான். எதற்காகச் சண்டை போட வேண்டும் என்று அவள் சொல்வதற்காகக் காத்து நின்றது.

காத்தாயி ஆசான் பக்கம் திரும்பினாள்: "தலை பின்னக் கூப்பிட்டா தெருக்கோடி வரைக்கும் ஓடுவா ஆசானே. சீப்போட நான் பின்னாலயே ஓடணும். சரிம்மாங்கற வார்த்தை அவ வாயில நான் கேட்டதே இல்லை."

ஆசான் ஓடைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இப்படி ஆகும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"சொல்லித் தொலைச்சிருக்கலாமே தம்பி!"

"வேண்டாம்னு சொன்னேன். கேட்டீங்களா?"

அவள் மானையும் சிமிழையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பழையபடி ஆக்க முடியாதா?"

"சிமிழை உடைச்சா போயிடும். ஆனா பிடிச்சு விட்டவங்க முன்னால அது திரும்ப வராது."

"ஒரு தடவைகூடவா?"

"ஒரு தடவைகூட."

வெயில் உச்சிக்கு வந்தது. சிமிழை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். உட்காரச் சொல்லாததால் மான் நின்றுகொண்டே இருந்தது.

"மின்னு, உன்னை விட்டுடட்டுமா?"

"உன் இஷ்டம்மா."

காத்தாயி எழுந்தாள். சிமிழைப் பாறைமேல் வைத்து, ஒரு கல்லை எடுத்து ஓங்கிப் போட்டாள்.

மான் உடம்பைச் சிலுப்பிக்கொண்டது. ஓடையைப் பார்த்தது, மேட்டைப் பார்த்தது. ஒரே தாவலில் தண்ணீரைத் தாண்டியது. அதைக் கண்டதும் அவளுக்குத் தாங்கவில்லை. கரை வரைக்கும் ஓடினாள்.

"மின்னு! நில்லுடி! ஒரு நிமிஷம் நில்லுடி!"

மான் மூங்கிலுக்குள் புகுந்து மறைந்தது. மூங்கில் கொஞ்ச நேரம் ஆடி, அதுவும் நின்றது.

"நில்லுன்னு கத்தினேன் ஆசானே. திரும்பிக்கூடப் பார்க்கலை."

ஆசான் சொன்னார்: "அப்போ அது மின்னுதான் அக்கா."

காத்தாயி அந்த மூங்கிலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கிழிந்த முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மலையிறங்கிப் போனாள்.