இரண்டு கமாவுக்கு நடுவில்

மகளைப் பார்க்க வேண்டுமென்று அறுபத்திரண்டு வயதில் இங்கிலீஷ் படிக்கப் போன மனுஷரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். குன்னூர் நல்லமுத்து போனார். அவருடைய குரு பியூலா டீச்சருக்கு இருபத்தெட்டு வயது.

மகள் தேன்மொழி ஷில்லாங்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளைக்குத் தமிழ் தெரியாது. கல்யாணம் முடிந்து வீட்டுக்கு வந்தவரிடம் நல்லமுத்து வாசலைக் கையால் காட்டிவிட்டார். அதற்கு மொழி வேண்டியிருக்கவில்லை. ஒன்பது வருஷம் ஓடிப்போச்சு. ஆறு வயதுப் பேத்தியின் முகம்கூட அவருக்குத் தெரியாது.

"அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டு உங்க கைப்பட எழுதுங்கப்பா. அப்புறம் வர்றோம்" என்று மகள் போனில் சொல்லிவிட்டாள்.

ஒருநாள் மத்தியானம் மூடுபனி வகுப்புக்குள்ளேயே வந்துவிட்டது. கரும்பலகை பாதி தெரிந்தது, பாதி தெரியவில்லை. நல்லமுத்துவுக்குத் தூக்கத்தில் நடப்பது போலிருந்தது. மற்றவர்கள் போனபின் கடிதத்தை நீட்டினார்.

"கமாவைப் பாருங்க டீச்சர். ஒரு துண்டை எடுத்தாலும் வாக்கியம் நிக்கும்னா, அதை ரெண்டு கமாவுக்குள்ள வைக்கணும்னீங்களே. வச்சிட்டேன்."

ஒரே ஒரு வாக்கியம். தமிழில் சொன்னால் இப்படி வரும்: நம் வீட்டுப் பேரிமரம், அன்று நான் செய்தது தப்பு என்றாலும், இந்த வருஷம் நன்றாகக் காய்த்திருக்கிறது.

டீச்சர் சிரிக்கவில்லை. இரண்டு கமாவுக்கும் நடுவில் இருந்ததை விரலால் மூடினார்.

"இப்பப் படிங்க ஐயா."

படித்தார். வாக்கியம் ஆடாமல் அசையாமல் நின்றது.

"மாப்பிள்ளைக்கு என்ன புரியும்?"

"பேரிக்காய் நிறைய இருக்குன்னு புரியும்."

சொன்னதும் அவருக்கே வெட்கமாகிப் போனது. ஒன்பது வருஷமாகத் தொண்டையில் நின்றதை இப்படியா ஒளித்துவைப்பது?

"கமா தப்பா டீச்சர்?"

"சரிதான் ஐயா. முழு மார்க்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே மலையும் இல்லை, ரோடும் இல்லை. ஏதோ ஒரு வண்டி மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

பிறகு வேறொரு தாளை எடுத்தார். நான் செய்தது தப்பு. மன்னியுங்கள். இதை மட்டும் இரண்டு சின்ன வாக்கியங்களாக எழுதினார். மரத்தைப் பற்றி ஒன்றுமில்லை. எழுதியதைத் திரும்பப் படிக்கவே பயமாயிருந்தது.

"இதுல கமா எங்க வரும் டீச்சர்?"

"வராது ஐயா. கையெழுத்துப் போடுங்க."