அன்னமடு ஏரிக்கு விலை சொன்ன கதை

ரொம்பக் காலத்துக்கு முன்னால் தென்மலை நாட்டைக் கேதுவர்மன் என்றொரு ராஜா ஆண்டான். காலையில் ஒன்று சொல்வான், மாலையில் வேறொன்று சொல்வான். அவன் தலைநகரில் அன்னமடு என்று ஒரு தெளிந்த ஏரி. குடிக்கவும் பயிருக்கும் ஆற்றுத் தண்ணீர் இருந்ததால், ஏரியில் ஜனங்கள் குளிப்பார்கள், நீந்துவார்கள், தோணி விடுவார்கள், அவ்வளவுதான்.

ராஜாவுக்குப் புது மண்டபம் கட்டப் பணம் வேண்டியிருந்தது. மந்திரி மருதையரைக் கண்டாலே ஆகாத பொக்கிஷ அதிகாரி பூதலிங்கம் சபையில் எழுந்தார்.

“அரசே, சாயப்பட்டறைக்காரர்கள் ஏரிக்குப் பத்தாயிரம் பொன் தருகிறார்கள். ஜனங்கள் விளையாடுகிற தண்ணீரால் நமக்குச் சல்லிக்காசு உண்டா?”

“சாயக்கழிவு விழுந்தால் ஏரி பாழாகிவிடும், அரசே. அதன் மதிப்பு இன்னும் அதிகம்” என்றார் மருதையர்.

“எவ்வளவு?” என்று கேட்டான் ராஜா.

“அதைக் கணக்குப் பார்த்ததில்லை, அரசே.”

“மூன்று நாளில் விலை சொல்லும். இல்லாவிட்டால் ஏரி அவர்களுக்கு, உம்முடைய பதவி பூதலிங்கத்துக்கு” என்றான் ராஜா.

மருதையர் கரையெல்லாம் அலைந்தார். இங்கே நீந்த எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டால் சிரித்தார்கள். “சும்மா கிடைக்கிறதுக்கு யாராச்சும் காசு கொடுப்பாங்களா சாமி?” என்றாள் ஒரு மோர்க்காரி. இதைச் சபையில் சொன்னால் ஏரி போச்சு. மூன்றாம் நாள் காலை, படித்துறையில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தவர் கண்ணில் எதிர்க்கரையில் இருந்த பூதலிங்கத்தின் மாளிகை பட்டது. வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு சபைக்குப் போனார்.

“விலை எனக்குத் தெரியவில்லை, அரசே. பதவி போனபிறகு ஏரிக்கரையில் குடியிருக்க ஆசை. பூதலிங்கம் தம் மாளிகையை விற்பாரா?”

எங்கே பூதலிங்கம் சந்தேகப்பட்டுவிடுவாரோ என்று மருதையருக்குப் பயம். அவரோ ஜெயித்த களிப்பில் இருந்தார்.

“ஆயிரம் பொன்னுக்குக் குறையாது.”

“ஊருக்குள் இதே அளவு வீடு இருநூறுதானே?”

“அங்கே வாசலில் தோணி ஏற முடியுமா? பேரப்பிள்ளைகள் நீந்த முடியுமா? அந்தத் தண்ணீருக்குத்தான் ஐயா எண்ணூறு.”

“நாளைக்குச் சாயம் கலந்தபிறகும் ஆயிரம்தானா?”

மருதையர் ராஜாவின் பக்கம் திரும்பினார்.

“அரசே, கரையில் இப்படி நாற்பது மாளிகைகள். எண்ணூறு வீதம் அவற்றுக்கே முப்பத்திரண்டாயிரம் பொன் ஆகிறது. வேலையை விட்டுவிட்டு அரைக் காதம் நடந்து வந்து குளிக்கிறவர்கள் இழக்கும் கூலியை நான் இன்னும் சேர்க்கவில்லை.”

ராஜா தாடியைத் தடவினான். “இவ்வளவு பெறுமா? அப்படியானால் குளிக்கிறவர்களுக்கு வரி போட்டால் என்ன?”

மருதையர் அவசரமாகக் குறுக்கிட்டார். “நடந்து வருகிறவர்கள் வராமலே போவார்கள், அரசே. மாளிகைகளால் நகர முடியாது, வரியை அவற்றுக்குப் போடுங்கள். தண்ணீருக்கு எவ்வளவு என்று பூதலிங்கமே வாயால் சொல்லிவிட்டார்.”

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். சாயக்காரர்களுக்கு ஊருக்கு வெளியே பொட்டல் நிலம் கொடுத்தான், கழிவை அங்கேயே குழிவெட்டித் தேக்கச் சொன்னான். மருதையருக்குப் பட்டுச் சால்வை போர்த்தினான். மண்டபச் செலவுக்காகக் கரை மாளிகைகளுக்கு வரி போட்டான். அதை வீடு வீடாகப் போய் வசூலிக்கும் வேலையைப் பூதலிங்கத்திடமே கொடுத்து, முதல் வசூலை அவர் வீட்டிலேயே தொடங்கச் சொன்னான்.