பாறையில் நின்ற பூதம்

மூங்கில் காட்டில் துத்தன் என்றொரு சருகுமான் இருந்தது. முயலைவிடச் சற்றே பெரிய உடம்பு. அதன் இரண்டு குட்டிகளில் ஒன்றை நரி கொண்டுபோய்விட்டது. மிச்சம் ஒன்று.

காட்டோரத்தில் கரி சுடுகிறவர்கள் அந்தியில் நெருப்பு மூட்டிவிட்டு ஊருக்குப் போய்விடுவார்கள். எதிரே ஒரு வெள்ளைப் பாறை. அவ்வழியே போன துத்தன் பாறையில் தன் நிழலைக் கண்டது. நெருப்புப் பக்கம் நகர்ந்தது. நிழல் வளர்ந்தது! பாறைப் பக்கம் நகர்ந்தது. நிழல் சுருங்கியது. மறுபடி நெருப்பை ஒட்டி நின்றது. யானையளவு உருவம்! தூக்கிய காதுகள் கொம்புகளாகத் தெரிந்தன.

அந்நேரம் நரி வந்தது.

"ஐயோ, பூதம்!" என்று பாறைக்குப் பக்கத்திலிருந்த ஓடைப் பள்ளத்தில் பாய்ந்தது. பிறகு மேலே ஏறவே இல்லை.

அன்றிலிருந்து துத்தன் அந்திதோறும் நெருப்பருகே போய் நின்றது.

"உடம்பெல்லாம் தீய்ந்த வாடை! கரிக்காரன் வீட்டில் விருந்தா?" என்று கேட்டது அதன் மனைவி பூளை.

"நரி என்னைக் கண்டு ஓடிவிட்டது. அது போதாதா? நீ குட்டியைப் பார்!"

உள்ளதைச் சொன்னால் தன் வீரம் வெறும் வெளிச்ச வித்தை ஆகிவிடுமே என்று துத்தனுக்கு வெட்கம்.

ஒருநாள் நெருப்பு கொழுந்துவிட்டு எரிந்தது. தன் உருவத்தை ரசித்தபடி துத்தன் நின்றுவிட்டது. நேரமாகிறதே என்று பூளை குட்டியோடு தேடி வந்தது. பாறையைத்தான் முதலில் பார்த்தது. நெருப்புப் பக்கம் திரும்பவே இல்லை.

"உன் அப்பாவை அது தின்றுவிட்டது! ஓடு கண்ணே, ஓடு!"

"பூளை! நான்தான்!"

சருகுமானின் குரல் எவ்வளவு தூரம் எட்டும்? நெருப்பின் சடசடப்பில் அமுங்கிப்போனது. பதறிப்போய்த் துத்தன் துள்ளியது. பாறையில் பூதமும் துள்ளியது.

தாயும் குட்டியும் ஓடைப் பள்ளத்தில் இறங்கின. அங்கேதான் நரி இருந்தது.

துத்தன் பாறையை நோக்கி ஓடியது. ஓட ஓடப் பூதம் சிறுத்துக்கொண்டே வந்தது. பள்ளத்திலிருந்து ஒரு கத்தல் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. துத்தன் பாறையடிக்கு வந்தபோது, அதன்மேல் ஒரு சின்னச் சருகுமானின் நிழல் மட்டுமே இருந்தது. பார்க்க யாரும் இல்லை.

பகைவனுக்குக் காட்டும் பொய்முகத்தை வீட்டாருக்குச் சொல்லாமல் மறைப்பவன், அந்த முகத்தாலேயே வீட்டாரை இழப்பான்.