பதினொரு மணி நேரத் தூரம்

மலையடிவாரத்தில் ஒரு சின்ன மடம். அதை நடத்தி வந்தவர் ஞானாம்பிகை என்ற துறவி அம்மா. வயது நாற்பதுதான். அவரிடம் சீடராக வந்து சேர்ந்த அம்பலவாணருக்கு அறுபத்திரண்டு.

முப்பது வருஷம் திருச்சியில் விமான டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் அம்பலவாணர். எந்த ஊருக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்டால் போதும், கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். மடத்தில் சமைக்கிற செண்பகம் அவரை 'ஏரோப்ளேன் சாமி' என்றுதான் கூப்பிடுவாள்.

தை மாதம். மத்தியானம் இரண்டு மணி. அம்மா முற்றத்தில் காவி மண்ணைக் கரைத்து வேட்டிகளை முக்கிக்கொண்டிருந்தார். அந்த மடத்தில் காவி கட்ட வருகிறவர், தனக்காகக் காத்திருக்கிற ஜீவன் ஒன்றும் இல்லை என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் துணி கைக்கு வரும்.

அம்பலவாணர் ஒரு வெள்ளை வேட்டியோடு வந்து நின்றார்.

"எனக்கும் இதை முக்கிக் கொடுங்கம்மா."

"லண்டன்ல மக இருக்காளே, ஐயா?"

"என்னைக் கேக்காம கல்யாணம் பண்ணிக்கிட்டா. நான் போகலை. ஏழு வருஷம் ஆச்சு. இப்ப நானே இறங்கி வந்து மூணு மாசமா தினம் கூப்பிடறேன். எடுக்க மாட்டேங்கிறா. அவளுக்கு நான் வேண்டாம்மா. எனக்குன்னு யாரும் இல்லை."

அம்மா வேட்டியை வாங்கிக்கொண்டார். முக்கவில்லை.

"லண்டன் எவ்வளவு தூரம்?"

"சென்னையிலேர்ந்து எட்டாயிரத்து இருநூறு கிலோமீட்டர் சொச்சம். நேரா போற விமானம்னா பதினொரு மணி நேரம். வர்றப்ப காத்து பின்னாலேர்ந்து தள்ளும், கொஞ்சம் சீக்கிரம் வந்துடும்."

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த செண்பகம் சிரித்தாள். "பாருங்க, இதைக் கேட்டாத்தான் சாமிக்குத் தொண்டை திறக்குது."

"தினம் எத்தனை மணிக்குக் கூப்பிடறீங்க?" என்றார் அம்மா.

"காலம்பற பூஜை முடிச்சதும். ஆறு மணிக்கு."

"அப்ப அங்கே?"

"ராத்திரி பன்னண்டரை."

யோசிக்காமலே சொல்லிவிட்டார். சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டார்.

"ஊருக்கெல்லாம் மணி சொல்ற மனுஷன்!" என்றாள் செண்பகம். அம்மா அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் பாத்திரங்களை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"விடிஞ்சதும் பார்த்துட்டுத் திருப்பிக் கூப்பிட்டிருப்பாளே, ஐயா?"

"தெரியாதும்மா. கூப்பிட்டு முடிச்சதும் போனை அணைச்சுப் பெட்டியில வச்சுடுவேன். தியானத்துக்கு இடைஞ்சல்னு."

 அம்மா வெள்ளை வேட்டியை அப்படியே மடித்து அவர் கையில் திருப்பிக் கொடுத்தார்.

அம்பலவாணர் வேட்டியைத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு அறைக்குப் போய்ப் போனை எடுத்து வந்தார். எண்ணைத் தேடி எடுத்தார். விரல் அதற்கு மேல் நகரவில்லை.

"எடுத்துட்டான்னா என்னம்மா பேசறது?"

"இப்ப அங்கே மணி என்ன?"

"காலை எட்டரை."

"சாப்பிட்டியான்னு கேளுங்க."