கொண்டலின் கால்சடை

மலைக்காட்டில் கொண்டல் என்றொரு மட்டக்குதிரை இருந்தது. குட்டையான, உருண்டு திரண்ட உடம்பு. கழுத்து முதல் வால் வரை கம்பளி போர்த்தியது போல அடர்ந்த முடி. அதைவிட அதிசயம் அதன் கால்கள். முழங்காலுக்குக் கீழே வெள்ளைவெளேரென்று முடி சடைசடையாக இறங்கி, குளம்பையே மூடிவிடும்.

மூடுபனி இறங்கிய காலைகளில் கொண்டல் புல்வெளியில் நடந்து வந்தால், பனி எங்கே முடிகிறது, கால் எங்கே தொடங்குகிறது என்று யாருக்கும் தெரியாது. ஏதோ கனவில் மிதந்து வருவது போல இருக்கும்.

"அதோ பாருங்கள்! மேகம் மேயப் போகிறது!" என்று கொண்டைக்குருவிகள் கூவும்.

அதைக் கேட்டால் கொண்டலுக்கு உச்சி குளிர்ந்துவிடும். ஓடையில் தண்ணீர் குடிக்கக் குனிந்தால், குடிப்பதை மறந்துவிட்டு நீரில் தெரியும் தன் கால்களையே பார்த்துக்கொண்டு நிற்கும்.

அழகு ஒரு பக்கம் இருக்கட்டும். கொண்டலுக்கு நல்ல மனசும் உண்டு. குளிர்காலத்தில் அந்தக் காட்டுக்குள் வெயிலே விழாது. புல்லின்மேல் உறைபனி உப்புத் தூவியது போலக் கிடக்கும். முயலும் அணிலும் முயலளவே வளரும் சருகுமானும் விறைத்துப் போய் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும். கொண்டல் அவற்றைக் காலையில் முதுகில் ஏற்றிக்கொண்டு, சதுப்பைக் கடந்து, எதிர்ப்பக்கத்து வெயில் மேட்டில் இறக்கிவிடும். பொழுது சாய்வதற்குள் திரும்ப அழைத்து வரும்.

மேட்டில் ஏறும்போது கொண்டலுக்கு வியர்த்துக் கொட்டும். அடர்ந்த முடிக்குள் அந்த வியர்வை காயாது. திரும்பும்போது குளிர்காற்று அடித்தால் உடம்பு முழுக்க ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டது போல நடுங்கும். பத்தே நாளில் இருமல் வந்துவிட்டது.

"கொண்டல் அண்ணா, உங்கள் கழுத்து சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறதே!" என்றது செம்பி. அது ஒரு சருகுமான் குட்டி. எப்போதும் கொண்டலின் பிடரியைப் பிடித்துக்கொண்டு முன்னால்தான் உட்காரும்.

"பனித்துளி, செம்பி. வேறொன்றும் இல்லை!"

ஓடைக்கரைப் பாறையில் கொடுக்கி என்ற நண்டு இருந்தது. காட்டில் யாருக்கு முடி சிக்குப் பிடித்தாலும், ஒட்டுப்புல் ஒட்டிக்கொண்டாலும் அதனிடம்தான் வருவார்கள். அதன் இரண்டு கொடுக்குகளும் அவ்வளவு கச்சிதமாக வெட்டும்.

இருமிக்கொண்டே போன கொண்டலை அது கூப்பிட்டது. "இங்கே வா தம்பி! கழுத்திலும் மார்பிலும் வயிற்றிலும் முடியைக் குறைத்துவிடுகிறேன். கால்சடையையும் கொஞ்சம் ஒதுக்கினால் சேறு அப்பாது. அரைநாள் வேலை!"

"என் முடியையா?" கொண்டல் இரண்டடி பின்னால் போனது. "இந்தச் சடை இப்படி வளர ஆறு வருஷம் ஆயிற்று! உங்கள் கொடுக்கு அதன் பக்கமே வரக்கூடாது, சொல்லிவிட்டேன்!"

"உன் முடி, உன் இருமல்," என்று சொல்லிவிட்டு நண்டு தண்ணீருக்குள் இறங்கிவிட்டது.

நான்கு நாள் கழித்து மழை பெய்தது. சதுப்பு குழகுழவென்று ஆகிவிட்டது. மாலையில் எல்லோரையும் சுமந்துகொண்டு திரும்பியபோது, கொண்டலின் கால்சடையில் சேறு உருண்டை உருண்டையாகப் பிடித்துக்கொண்டது. காலுக்கு ஒரு கல்லைக் கட்டிவிட்டது போல இருந்தது. முன்னங்காலைத் தூக்கப் பார்த்தது, கால் வரவில்லை. இன்னொரு முறை உதறியது. அவ்வளவுதான், நிலை தடுமாறிப் பக்கவாட்டில் சாய்ந்தது.

முயலும் அணிலும் புல்திட்டில் குதித்துத் தப்பின. செம்பி மட்டும் சேற்று நீரில் விழுந்து மறைந்துபோயிற்று.

"செம்பி! செம்பி!"

கொண்டல் தலையைத் தண்ணீருக்குள் விட்டுத் துழாவியது. மூக்கிலும் கண்ணிலும் சேறு ஏறியது. கடைசியில் ஒரு சின்னக் காது உதட்டில் தட்டுப்பட்டது. மெல்லக் கவ்வித் தூக்கியது. செம்பிக்கு உயிர் இருந்தது. ஆனால் பல் கிட்டிப்போய், உடம்பு பச்சைத் தண்ணீராகச் சில்லிட்டிருந்தது. கொண்டல் தட்டுத்தடுமாறி எழுந்து, அதைக் கவ்வியபடியே கரை சேர்ந்தது.

மறுநாளும் செம்பி எழுந்திருக்கவில்லை. அதன் அம்மா சருகுகளைக் குவித்து மூடியும் நடுக்கம் நிற்கவில்லை.

"நல்ல வெயில் பட்டால் பிழைத்துக்கொள்வாள்," என்றது அம்மா சருகுமான். கொண்டலைப் பார்த்தது. பிறகு பார்வையைத் திருப்பிக்கொண்டது. "உன் முதுகில் ஏற்றத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது."

அந்தச் சொல் கொண்டலின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. நேரே ஓடைக்கு ஓடியது.

"அக்கா! கொடுக்கி அக்கா! வெளியே வாருங்கள்! எல்லாவற்றையும் வெட்டிப் போடுங்கள்! முதுகு, கால், பிடரி, ஒரு மயிர்கூட மிஞ்சக் கூடாது! எனக்கு இதைப் பார்க்கவே பிடிக்கவில்லை!"

நண்டு நிதானமாக வெளியே வந்தது. "முதலில் குளித்துவிட்டு, நன்றாகக் காய்ந்து வா. சேறு பிடித்த முடியில் கொடுக்கு ஓடாது."

கொண்டல் குளித்தது. காற்றில் நின்று காய்ந்தது. பிறகு பாறையோரம் படுத்துக்கொண்டது.

கிர்ச், கிர்ச், கிர்ச். தொண்டைக்குக் கீழே தொடங்கி, மார்பு வழியாக, வயிற்றின் அடிவரை கொடுக்கு ஊர்ந்தது. கொண்டலுக்குக் கூச்சமாக இருந்தது, ஆனாலும் அசையவில்லை. கண் சொக்கியது. வெட்டிய முடி ஓடையில் விழுந்து, சின்னச் சின்ன மேகங்களாக மிதந்து போயிற்று. ஆறு வருஷத்து ஆசையும் அதோடு மிதந்து போவது போல இருந்தது. நினைத்த அளவுக்கு வலிக்கவில்லை.

கால்சடையைக் குளம்புக்கு நான்கு விரல் மேலேயே நிற்கும்படி நறுக்கி, குதிகாலில் மட்டும் ஒரு கொத்தை விட்டுவிட்டு, நண்டு நிறுத்திக்கொண்டது.

"ஏன் நிறுத்திவிட்டீர்கள்? முதுகு அப்படியே இருக்கிறதே! குதிகாலில் இன்னும் முடி இருக்கிறதே!"

"இருக்கட்டும். மழை விழுவது முதுகில். பிள்ளைகள் உட்காருவதும் முதுகில். அந்த முடி வேண்டும். குதிகால் முடி வழியாகத்தான் தண்ணீர் வடிந்து போகும். அது இல்லாவிட்டால் ஈரம் தங்கிப் புண்ணாகும்."

"எனக்கு வேண்டாம்! வெட்டுங்கள்!"

"நீ கோபப்படுவது உன்மேல். அதற்கு முடி என்ன செய்யும்? என் கொடுக்கு அதற்கு வராது தம்பி. எழுந்து போ, அங்கே குட்டி நடுங்கிக்கொண்டு கிடக்கிறாள்!"

கொண்டல் எழுந்தது. உடம்பு லேசாக இருந்தது. அம்மா சருகுமான் முன்னால் போய்த் தலை குனிந்து நின்றது.

"அம்மா, முதலில் நான் தனியாகச் சதுப்பைக் கடந்து காட்டுகிறேன். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்."

போயிற்று; வந்தது. கால் எங்கும் சிக்கவில்லை. இன்னொரு முறை போய் வந்தது. அம்மா செம்பியைக் கொண்டலின் முதுகில் வைத்து, தானும் ஏறி அணைத்தபடி உட்கார்ந்தது.

மூன்று நாள் அப்படியே போய் வந்தார்கள். கொண்டலின் கழுத்தில் வியர்வை வந்த வேகத்தில் காய்ந்தது. இருமல் குறைந்தது. மூன்றாம் நாள் மாலை தூறல் பிடித்தது. மழை கொண்டலின் முதுகு முடியில் பட்டு இரண்டு பக்கமும் வழிந்து, குதிகாலில் சொட்டி இறங்கியது. முடிக்குள் புதைந்து கிடந்த செம்பிமேல் ஒரு துளி ஈரம் ஏறவில்லை.

சதுப்பின் நடுவில் அது மெல்லத் தலையை நீட்டியது.

"அண்ணா, நாளைக்கு நான் முன்னால் உட்காரட்டுமா?"

கொண்டல் ஒரு காதைப் பின்னால் திருப்பியது. "உட்காரு, செம்பி!" என்று மட்டும் சொல்லிவிட்டு, அடிமேல் அடியெடுத்து வைத்துக் கரையேறியது.

ஆசையாக வளர்த்தோம் என்பதற்காகப் பாரமாகிவிட்டதைச் சுமந்துகொண்டே இருக்கவும் கூடாது. ஒருமுறை இடறிவிட்டோம் என்பதற்காக நமக்கு உதவுவதையும் சேர்த்து வெட்டி எறியவும் கூடாது.