மாமியார் ஸ்பிரிங்

மில் முதலாளி நஞ்சப்பனின் நாலு சீட் ஸ்போர்ட்ஸ் கார் ஏற்கெனவே தரையை உரசாத குறையாகத் தாழ்ந்திருந்தது. பின்பக்கத்துக்கு இன்னும் நல்ல ஸ்பிரிங் மாட்ட ஆறுச்சாமியின் ஒர்க்ஷாப்புக்கு வந்தவர், இருப்பதிலேயே கடினமானதைக் காட்டினார்.

"பந்தயக் காருக்கு இதுதான். ஆனா வண்டி குலுங்கக் கூடாது. குலுங்குச்சுன்னா ஒர்க்ஷாப்பைக் காலி பண்ணிரு, இடம் என்னோடது."

"இதுல மெத்துனு ஒண்ணு இருக்குதுங்க."

"அது மாமியாரைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போற வண்டிக்கு."

ஆறுச்சாமி கடினமானதையே மாட்டி முடித்தான். பிறகு டம்ளர் நிறையச் சூடான காபியோடு வந்தான்.

"நான் ஓட்டறனுங்க. முதலாளி பின்னாடி சாஞ்சு காபி குடிச்சுட்டு வர்றதுதானுங்க அழகு."

நஞ்சப்பனுக்கு அது பிடித்துப்போனது. பின்சீட்டில் கால் மேல் கால் போட்டுக்கொண்டார்.

முதல் வேகத்தடையில் பாதிக் காபி வெள்ளைச் சட்டைக்குப் போனது. அடுத்ததில் தலை கூரையில் இடித்தது.

"குலுங்குதுங்களா?" என்றான் ஆறுச்சாமி, பணிவாக.

தானே தேர்ந்தெடுத்த ஸ்பிரிங்கை எப்படிக் குறை சொல்வது? "சேச்சே. காபியிலதான் சக்கரை கம்மி."

"அப்ப இன்னொரு டம்ளர் வாங்கிட்டு, மறுபடியும் இதே ரோட்டுல ஒரு சுத்து போலாமுங்களா?"

நஞ்சப்பன் தலையைத் தடவிக்கொண்டார்.

"வேண்டாம்பா. அந்த மாமியார் ஸ்பிரிங்கையே மாட்டிரு."